தங்கச்சியின் கடைக்குப் பின்னால் உள்ள வீடு

“உனக்கு யாவாரம் சரிவரா ராத்தா. வாற ஆக்களுக்கெல்லாம் நீ பாடம் எடுப்பாய். மறுகா ஒத்தரும் கடைப்பக்கம் வரமாட்டாங்க.”

என் தங்கச்சி இதைச் சொன்னது பெண்கள் மேலாகப் போடும் அபாயா விற்கும் அவளுடைய கடையில், நோன்புப் பெருநாளுக்கு முந்திய ஒரு காலையில். விற்பனைக்கு நிற்கும் இரண்டு பெண்பிள்ளைகளும் உடுப்பு வாங்க வந்த ஒரு தாயும் பக்கத்தில் நின்றார்கள். அவள் கேட்காமலே நான் ஓர் ஆலோசனை சொல்லியிருந்தேன். தலைக்குப் போடும் ஷோல்களை நிறப்படி அடுக்காமல் துணிப்படி அடுக்கினால் தேடுவது லேசு என்று. அவள் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. மரியாதைக்குரிய அந்தச் சொல்லையும் சேர்த்தே சொன்னாள். விற்பனைப் பிள்ளைகள் இருவரும் குனிந்து எதையோ மடித்தார்கள். மடிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

கடையின் பின்கதவால் வெளியே வந்தேன். இரண்டு வளவுகளுக்கு, அதாவது வீட்டு மனைகளுக்கு, நடுவில் ஆள் போய்வர விட்டிருக்கும் வழியை நாங்கள் கடப்பு என்போம். அந்தக் கடப்பைத் தாண்டினால் ஒன்பது எட்டில் என் அடுப்படி. அந்த ஒன்பது எட்டும் நான் நினைத்தது ஒன்றைத்தான்: அவள் நின்று சிரிக்கும் நிலம் எனக்கு வரவேண்டியது.

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். உம்மாவின் வீடு மூத்தவளுக்குப் போகும். இளையவளுக்கு வளவுக்குள் இன்னொன்று கட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வளவு ஒடுங்கியது, நீளமானது. ஒரு தலைப்பு பிரதான வீதியில், மறு தலைப்பு மணல் ஒழுங்கையில், சிறு சந்தில். வீதியைப் பார்த்தது உம்மாவின் வீடு. ஒழுங்கைப் பக்கத்தில் மேசன் வேலை செய்யும் வாப்பா, பிறருடைய வீடுகளைக் கட்டி முடித்த இடைவெளிகளில், இன்னொரு வீட்டை மெல்ல மெல்ல எழுப்பிக்கொண்டிருந்தார்.

உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். இரு பக்கக் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தங்கச்சி சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் விழுந்து வீட்டோடு இருந்தாள். நான் மலைநாட்டில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எனக்கு முன்னால் அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் குடியிருக்கக்கூடிய வீடு கேட்டார்கள். பின்வீட்டுக்கு அப்போது கூரைகூட ஏறியிருக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் முகத்தைப் பார்க்காமல் உம்மாவும் வாப்பாவும் தேநீர் குடித்தார்கள்.

“முன்வீட்டை அவளுக்கே எழுதுங்க,” என்றேன். “ரோட்டுச் சத்தத்துக்குள்ள இருந்து எனக்குப் படிக்க ஏலா.”

தானம் கொடுப்பவள் மாதிரித்தான் சொன்னேன். அது பொய்யுமில்லை. வீதியோரத்து வீடு அன்றைக்குத் தொல்லை பிடித்தது. பஸ் ஹோன், தூசு, போகிற வருகிற ஆண்களின் கண். குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடிக்க வேண்டும். படித்த பெண்ணுக்கு உள்ளே ஒதுங்கிய வீடுதான் அழகு என்று நானே நம்பியிருந்தேன். நொத்தாரிசுக்கு முன்னால் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதின நாளில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. மளமளவென்று ஆங்கிலத்தில் வைத்தேன். வாப்பா அந்தக் கையெழுத்தை மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளில் கடைத்தெரு என்றால் கல்முனைச் சந்தியும் பசாரும்தான். பெருநாளுக்கு ஒரு தரம், கலியாணத்துக்கு ஒரு தரம் அங்கே போவோம். பிறகு கடைகள் வீதி நெடுகிலும் நடந்து வரத் தொடங்கின. ஒரு வீட்டுக்காரர் முன் மண்டபத்தை உடைத்துத் தொலைபேசிக் கடை போட்டார். அடுத்த வீட்டில் மருந்துக் கடை, அதற்கடுத்ததில் செருப்புக் கடை. நாலு மாடியில் ஒரு துணிக்கடை எழுந்தது. அதிலிருந்த லிஃப்டில் ஏறிப் பார்ப்பதற்கென்றே மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் இறங்கும் இடம் குழம்பியது. அடையாளம் வைத்திருந்த மதில் அடுத்த முறை வரும்போது கண்ணாடியாக இருந்தது.

இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த நாளில் எங்கள் தகர வேலியும் இல்லை. கட்டாரிலிருந்து திரும்பியிருந்த தங்கச்சியின் மாப்பிள்ளை சொல்ல, உம்மாவின் மண்டபச் சுவரை வாப்பா தன் கையாலேயே உடைத்திருந்தார். அந்த இடத்தில் விளக்குகளும் பொம்மைகளும் கறுப்பு அபாயாக்களும். தங்கச்சியும் அவரும் மேல்மாடி கட்டிக் குடியேறினார்கள். உம்மாவும் வாப்பாவும் என்னோடு பின்வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு நெடுநாள் எடுத்தது. நான் படித்தவள், ஆகவே ‘கருத்து’ என்று சொல்லி வந்தேன். பொம்மைகள் நிற்கும் விதம் பற்றி எனக்குக் கருத்து இருந்தது. விளக்கின் வெளிச்சம் பற்றி இருந்தது. பட்டதாரி நியமனம் எப்போது வரும் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த நாட்களில், கணக்குப் பாடத்துக்கு என் மடியில் அழுதவள் கொழும்பு மொத்தக் கடைக்காரரோடு தொலைபேசியில் சிங்களத்தில் சண்டை பிடித்தாள். சிங்களம் எனக்குப் பரீட்சையில் எழுத வரும். அவளுக்குக் கதைக்க வரும். அவளுடைய ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு குழாயால் என் வளவில்தான் சொட்டியது. உம்மா அதை வாளியில் பிடித்துக் கத்தரிக்கு ஊற்றினார். கத்தரி நன்றாகக் காய்த்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓதும்போது, பொறாமைக்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்கும் இடம் வரும். கடப்புக்கு அந்தப் பக்கம் தங்கச்சியும் இதையேதான் ஓதிக்கொண்டிருப்பாள், அவள் பாதுகாப்புக் கேட்பது என்னிடமிருந்துதான் என்று நினைத்ததும் நாக்குத் தடுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது என் விலாசம். தபால்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் சொந்தக்காரரும் எங்கள் வீட்டை ஒரே விதமாகத்தான் சொன்னார்கள்: அந்த அபாயாக் கடைக்குப் பின்னால உள்ள வீடு. பாதி வாடிக்கையாளர்கள் என் முற்றத்தால்தான் கடைக்குப் போனார்கள். முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நிற்கும். எதிரே தேநீர்க் கடையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பெண்களுக்கு வளவுக்குள்ளால் போய்ப் பழக்கம். ஒழுங்கையால் வந்து, என் படலையைத் திறந்து, கடப்பைத் தாண்டிப் பின்கதவால் நுழைவார்கள். “புள்ள, கடை திறந்திருக்கா?” என்று போகிற போக்கில் என்னிடம் கேட்பார்கள். நான் அவளுடைய பெயர்ப்பலகை போல நின்றேன்.

பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் உம்மா பேச்சைத் தொடங்கினார்.

“அவள் பாவம், சாமான் வைக்க இடமில்லாமக் கிடக்காள். உன்ட அடுப்படிக்கு இஞ்சால உள்ள துண்டு சும்மாதானே கிடக்கு.”

“சும்மா கிடக்கெண்டு ஆர் சொன்ன?”

“கோழிதானே நிக்குது.”

“கோழியும் என்ட கோழிதான் உம்மா.”

அடுத்த நாள் தங்கச்சியே வந்தாள். கடையைப் பின்னுக்கு நீட்டப் போகிறார்கள், என் முற்றம் வேண்டும். முற்றம் போனால் என் வீட்டுக்கு மிஞ்சுவது இரண்டு அறையும் ஓர் அடுப்படியும். அந்த வளவில் திறந்த நிலமாக எனக்கென்று இருந்தது அந்த முற்றம் மட்டும்தான்.

“நீயும் சும்மாதானே இரிக்காய்,” என்றாள். “காஷ் மேசையில வந்து இரன் ராத்தா. ஏசிக்குள்ள, ராசாத்தி மாதிரி.”

“டிகிரி முடிச்சது உன்ட காஷ்ல இரிக்கவா?”

“அப்ப எதுக்கு முடிச்ச?”

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவள் போலக் கேட்டாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

மறுநாள் காலையில் வாப்பாவிடம் ஒரு தகரத் துண்டு கேட்டேன்.

“என்னத்துக்கு மகள்?”

“கடப்பை அடைக்க. ஆடு வருது.”

எங்கள் ஒழுங்கையில் யாரிடமும் ஆடு இல்லை. அது வாப்பாவுக்கும் தெரியும். தகரத்தையும் கம்பியையும் எடுத்துத் தந்தார். நானே கட்டினேன். கை கிழிந்தது.

பெண்கள் வந்து பார்த்தார்கள். “என்னகா, கடப்பை அடைச்சிட்டீங்களா?” “ஓம், ஆடு வருது.” வீதியால் சுற்றிப் போனவர்கள் கொஞ்சப் பேர். வீட்டுக்கே திரும்பியவர்கள்தான் அதிகம். ஒவ்வொருத்தியும் திரும்பும்போது எனக்குள் சர்க்கரை கரைந்தது. இதை எழுத வெட்கமாக இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. பகல் தாண்டியதும் விற்பனைப் பிள்ளை ஒருத்தி ஒரு தட்டில் வட்டிலப்பம் என்ற இனிப்போடு வந்து நின்றாள். வெயிலில் வீதியால் சுற்றி, ஒழுங்கையால் நடந்து வந்திருந்தாள். தங்கச்சி வேறு ஒரு சொல்லும் சொல்லியனுப்பவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

மூன்றாம் நாள் ஒரு தாய் தன் மகளோடு வந்தார். சாய்ந்தமருதுக்காரர், புருஷன் கடலுக்குப் போகிறவர். அடைத்த கடப்பைப் பார்த்தும் அவர் திரும்பவில்லை. என் படியில் உட்கார்ந்து மகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். முற்றத்தில் கோழியைத் தவிர யாருமில்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார்.

“நீ கடைக்காரிட ராத்தாதானே புள்ள. ஒரு உதவி செய்வியா? உள்ளுக்குப் போடுற சாமான் ரெண்டு மூணு எடுத்துத் தா. மகள் பெரியாளாகி ஆறு மாசம். இன்னும் ஒண்டும் வாங்கிக் குடுக்கல்ல.”

“கடையில இருக்கே. கேட்டா அந்தப் புள்ளைகள் எடுத்துத் தருவாங்க.”

“எடுத்துத் தருவாங்க. மறுகா காஷுக்குக் கொண்டு போகணுமே. போன தரம் உன்ட தங்கச்சிட மாப்புள அட்டையைத் திருப்பிப் பார்த்து அளவை வாசிச்சார் புள்ள. சத்தமா! எனக்குப் பின்னால என்ட மருமகன் நிண்டான்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கச்சியின் மாப்பிள்ளை கெட்ட மனிதரில்லை. எதை எழுதினாலும் வாய்விட்டு வாசித்துத்தான் எழுதுவார். கடவுச்சொல்லைக்கூட அப்படித்தான் அடிப்பார்.

“அப்ப இவ்வளவு காலமும் எப்பிடி வாங்கினீங்க?”

“சந்தையில மூடி வச்சிருக்கிற பெட்டிக்குள்ள கையை விட்டு எடுக்கிற. வாற அளவு வாறதான்.”

மலைநாட்டில் விடுதித் தோழி ஒருத்தி என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போனது ஞாபகம் வந்தது. வாசலில் திரை. உள்ளே எல்லோரும் பெண்கள். வயதான ஓர் அம்மா அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை வருடமும் நீ தவறான அளவில் போட்டிருக்கிறாய் என்றார். உயர்தரம் படித்த காலமெல்லாம் தோளில் இருந்த வலியைப் புத்தகத்தில் குனிந்ததால் வந்தது என்று பெருமையோடு சுமந்தவள் நான்.

உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்து, அந்தப் பிள்ளையை என் அறைக்குள் வைத்து அளந்தேன். கடைக்கு நானே, வீதியால் சுற்றி, போனேன். உள்ளாடைகள் ஒரேயொரு இழுப்பறைக்குள், செய்தித்தாளுக்கு அடியில் இருந்தன. இரண்டே இரண்டு அளவுகள்.

“ஆருக்கு இது?” என்றாள் தங்கச்சி.

“ஒராளுக்கு.”

“உனக்கில்லையே?”

“இல்ல.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். அந்தப் பெண்களின் சங்கடம் தீர வேண்டும் என்று பிறகு நினைத்தேன். முதலில் வந்தது அதுவல்ல. இத்தனை காலம் கண்ணாடிக்குள் நின்று விற்றவளுக்கு இது தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் முதலில் வந்தது. வருடக்கணக்காக அவளுடைய பின்கதவைப் பொறாமையோடு பார்த்ததில், யார் எந்தப் பையோடு போகிறார்கள், யார் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்குள் சேர்ந்திருந்தது.

அந்தத் தாய் தன் மச்சாளை அனுப்பினார். மச்சாள் பக்கத்து வீட்டாரை அனுப்பினார். தகரத்தை நானே கழற்றி வைத்துவிட்டேன். ஆடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் உம்மா, வாப்பா, தங்கச்சி, அவளுடைய மாப்பிள்ளை நால்வரையும் என் வீட்டில் உட்கார வைத்துச் சொன்னேன்: ஒழுங்கைப் பக்க அறையில் ஒரு கடை. பெண்கள் மட்டும். உள்ளாடை, இரவுடுப்பு, பிள்ளை பெற்றவர்களுக்கு வேண்டியது. அளந்து கொடுப்பேன். வாடிக்கையாளர்கள் உட்காருவதற்கு முற்றம் வேண்டும், ஆகவே அதைத் தர முடியாது.

தங்கச்சியின் மாப்பிள்ளை மெல்ல எழுந்து தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். நேரமாகியிருக்கவில்லை.

“யா அல்லாஹ்,” என்றார் உம்மா. “கம்பஸ் போய்ப் படிச்சிட்டு இதையா விக்கப் போறாய்? மாப்புள பேசி வாற ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்ற?”

“யாவாரம் செய்யிறாளெண்டு சொல்லுங்க.”

“என்ன யாவாரமெண்டு கேட்டா?”

“கேட்டவர்ட பொஞ்சாதியை அனுப்பச் சொல்லுங்க.”

வாப்பா இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல். “கதவை எந்தப் பக்கம் வைக்கிற?” என்றார்.

“ஒழுங்கைப் பக்கம் வாப்பா.”

“கண்ணாடி?”

“வேணாம். வெளியிலயிருந்து ஒண்டும் தெரியப்படா.”

“இந்தப் பக்கத்தில கண்ணாடி வேணாமெண்டு கடை கட்டச் சொன்ன முதல் ஆள் நீதான் மகள்.”

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: “இத ஏன் எனக்கிட்டச் சொல்லாம வச்சிருந்த?”

“இப்ப சொல்றன்தானே.”

“நீ காஷ்ல இருந்தா முடிஞ்சிது ராத்தா. ஒரு அறை மறைச்சித் தாறன். எல்லா அளவும் எடுத்துப் போடுறன். எதுக்கு வேற கடை?”

அவள் சொன்னதில் பிழையில்லை. செலவும் குறைவு, சனமும் ஏற்கனவே இருக்கிறது. எந்தப் பாடத்திலும் அதற்கு முழுப் புள்ளி கிடைக்கும்.

“வேற கடைதான் வேணும்,” என்றேன். “உன்ட கடைக்குப் பின்னால உள்ள வீடெண்டு இனி ஒத்தரும் சொல்லப்படா.”

அவள் கீழுதட்டைக் கடித்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் பெறுபேறு வந்து, வாப்பா ஒழுங்கை முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டு வரும்போது, பாயின் ஓரத்தில் இருந்து அவள் அதே முகத்தோடு என்னைப் பார்ப்பாள். நான் அதை அப்போது களைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது பார்க்கப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூடுதல்.

“சரி, பாப்பம்,” என்று எழுந்தாள். “ஆனா அந்தத் துண்டு நிலத்தை நான் இன்னும் விடல்ல.”

“நானும் விடல்ல.”

வியாபார அனுமதிக்கான விண்ணப்பத்தை நேற்றுக் காலை சபை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஆண்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெயரை, விலாசத்தை, விரலை ஓட்டி வாசித்துக்கொண்டு வந்தார். வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் விரல் நின்றது.

“இதத் தையல் எண்டு போடுவமா தங்கச்சி?” என்றார் மெதுவாக. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

“வேணாம் சேர். எழுதினபடியே இருக்கட்டும்.”

அவர் என்னைப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார். பிரதியை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, சரக்கு எடுக்கக் கொழும்புக்கு நாளைக்குப் போகும் பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் ஓர் இருக்கை பதிய நேரே போனேன்.